அஸ்ஸாமுக்கு மாற்றலான விமானி

“அம்மா, நீ சொன்ன கதை இதுல இல்லவே இல்லையே.”

மகள் படத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட். கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூலில் லேப்டாப். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் பார்த்த ஒரு பழைய இந்தித் தொடரை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். போர் விமானிகளைப் பற்றிய தொடர். அவள்தான் தேடிப் பிடித்தாள். படத்தின் குறுக்கே கோடு கோடாக ஓடுகிறது. ஆனாலும் அந்த ஆரம்ப இசையைக் கேட்டதும் எனக்குக் கண் எரிந்தது. மிளகாய் வற்றல் ஞாபகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மகள் விமானப்படையில் பயிற்சியில் இருக்கிறாள். வடக்கே, பேர் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாத ஓர் ஊரில். மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லி மருத்துவ விடுப்பில் வந்திருக்கிறாள். மனசு கேட்காமல் நான் அவளை மதுரையில் ஒரு டாக்டரிடமும் காட்டினேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “படியில விழுந்தா எலும்பு இப்படி அமுங்காதேம்மா. உட்கார்ந்த வாக்குல மேலயிருந்து பொத்துன்னு இறங்கினாத்தான்…” என்று இழுத்தார். மகள் அவரைப் பார்த்தாள். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மாத்திரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. அவளிடம் நேராகக் கேட்கவும் வாய் வரவில்லை. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து இந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“எந்தக் கதை இல்ல?” என்றேன்.

“அந்தச் சிரிச்ச மூஞ்சிக்காரன் அஸ்ஸாமுக்கு மாத்தலாகிப் போவான்னு சொல்லுவியே, அது. இதுல அவன் செத்துட்டாம்மா.”

“இல்ல பாப்பா, அவன் அஸ்ஸாம்ல…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுக்கிறேன். இத்தனை காலமும் அவன் அஸ்ஸாமில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொன்னது டிவி வீட்டு மதினி.

திருச்சுழி ரோட்டில் இருந்த எங்கள் கிராமத்தில் சிறிசு பெரிசு எல்லோருக்கும் அவர் மதினிதான். முறைப்படி எனக்கு அத்தை ஆக வேண்டும். யார் முறையையும் யாரும் பார்க்கவில்லை. அவருடைய வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சாலையில் வாட்ச்மேனாக இருந்தார். மிலிட்டரி கேண்டீனில் எடுத்த கறுப்பு வெள்ளை டிவி அவர்கள் வீட்டுக்கு வந்தபோது தெருவில் வேறு டிவி கிடையாது. அதற்கு மரக் கதவு உண்டு, பூட்டு உண்டு. சாவி மதினியின் தாலிக்கொடியில் தொங்கும்.

சும்மா உட்கார்ந்து டிவி பார்க்க அங்கே முடியாது. எல்லோருக்கும் கைக்கு வேலை கொடுத்துவிடுவார். புளி வந்தால் கொட்டை எடுக்க வேண்டும். கடலை வந்தால் உடைக்க வேண்டும். மிளகாய் சீசனில் வற்றலைக் கூடத்தின் நடுவே குவித்துவிடுவார். காம்பு கிள்ளிக்கொண்டே பார்க்க வேண்டும். கை எரியும். மறந்துபோய்க் கண்ணைத் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. அந்த மாதங்களில் கதைக்காக யார் அழுகிறார்கள், காரத்தில் யார் அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

“இங்கென்ன ஓசிப் படமா? கரண்டு ஓடுதுல்ல, கையும் ஓடட்டும்” என்பார் மதினி.

நாங்கள் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். மதினி மட்டும் டிவிக்குப் பக்கவாட்டில், எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். திரையை அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வசனத்தைத் தமிழில் சொல்வார். ராணுவக் குவார்ட்டர்ஸில் வடக்கே பல வருடம் இருந்தவர். ஊரில் இந்தி தெரிந்த பெண் அவர் ஒருவர்தான்.

மதினியின் வாயில் அந்த விமானிகள் எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்கள்.

“ஏலே, வலது பக்கம் திருப்புலே, அங்ஙன ஒருத்தன் வாரான் பாரு!”

“எனக்குக் கண்ணு தெரியும்லே, நீ ஒன் வண்டியப் பாரு!”

வானத்தில் இருந்து இறங்கியதும் மீசை வைத்த பெரிய ஆபீசர் அவர்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசுவார். அவர் என்ன முகத்தோடு வந்தாலும், கோபமாக வந்தாலும், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாலும், மதினி அவருக்குக் கொடுக்கும் முதல் வசனம் ஒன்றுதான்: “சாப்டீகளாப்பா?”

எங்கள் அப்பாவுக்கே ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டது. “ஏம் மதினி, பட்டாளத்துல இம்புட்டு விசாரிப்பாகளா?”

“விசாரிக்காம? வெறும் வயித்துல ஒருத்தன்கிட்ட என்னத்தச் சொல்றது?” என்றார் மதினி.

இப்போது மகள் அர்த்தம் சொல்லச் சொல்லப் பார்க்கும்போது அந்த ஆபீசர் ஒரு தடவைகூட யாரிடமும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. வானிலை சொல்கிறார். எதிரி ரேடார் பற்றிச் சொல்கிறார். திட்டுகிறார்.

விமானிகளில் இருவர் எங்களுக்குப் பிடித்தமானவர்கள். ஒருவன் நெட்டையன், கதாநாயகன். இன்னொருவன் அவன் கூட்டாளி, சிரித்த முகக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரித்த முகக்காரனின் விமானம் புகை விட்டுக்கொண்டே மேகத்துக்குள் போனது. அடுத்து ஒரு வீடு. வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா வாசலுக்கு வருகிறாள். ஜீப்பில் இருந்து இரண்டு பேர் ஒரு இரும்புப் பெட்டியை இறக்கி அவள் முன்னால் வைக்கிறார்கள். மேலே அவன் தொப்பி. அந்த அம்மா தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உடைந்துபோகிறாள்.

கூடத்தில் ஒருவரும் காம்பு கிள்ளவில்லை.

அன்றைக்கு வீரசோழனிலிருந்து சைக்கிளில் துணி மூட்டை கட்டி வரும் பாயும் வந்து உட்கார்ந்திருந்தார். பம்பாய்க் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், இந்தி தெரியும். “அட, அந்தப் பையன் மவுத்…” என்று அவர் வாயைத் திறந்தார்.

“பாய்! அந்த நூல் சேலைய எடுத்து இந்தப் பக்கம் காட்டுங்க” என்று மதினி வெட்டினார்.

“இப்பவா?”

“இப்பத்தான்.”

பாய் மதினியைப் பார்த்தார். மதினி எங்கே பார்க்கிறார் என்று பார்த்தார். கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, மடியில் வற்றலோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். கூலி வேலைக்குப் போகிறவள். ஒரே மகன் பட்டாளத்தில் பனி மலைப் பக்கம் இருந்தான். கடுதாசி வந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. திரையில் யாராவது யூனிபார்மில் நடந்தால், “எம் மவன் அங்ஙன நிக்கானா பாரு மதினி” என்று கேட்பாள். “அவன் தரையில நிக்கிறவன், இவுக மேல பறக்கிறவுக, இதுல வர மாட்டான்” என்று மதினி வாராவாரம் சொல்வார்.

இப்போது மதினி குரலை உயர்த்தி எல்லோருக்கும் சொன்னார்: “பயலுக்கு அஸ்ஸாமுக்கு மாத்தல். சாமானெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாக. அம்மாக்காரி பாவம், புள்ள வருவான்னு வாசலுக்கு ஓடியாந்தா, பொட்டி வருது. அதான் அழுவுறா.”

“தொப்பி?” என்று யாரோ கேட்டார்கள்.

“அங்க வேற தொப்பி குடுப்பாக.”

கதவோரத்து அம்மா பாயைப் பார்த்தாள். “அப்டியா பாய்?”

பாய் சேலையை இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தார். “ஆமா தாயி. அஸ்ஸாமுக்குத்தான் மாத்தல். நல்ல ஊரு. தேயிலையெல்லாம் வெளையும்.”

அன்றைக்கு மதினி சேலை எதுவும் எடுக்கவில்லை. பாயும் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்கப்புறம் சிரித்த முகக்காரன் திரும்பி வரவேயில்லை. கேட்டால், “அங்க மழை. பிளேனு கெளப்ப முடியாது” என்பார். நாங்கள் நம்பினோம். என் மகள் சாப்பிட அடம்பிடித்த வயதில் அவனைச் சொல்லித்தான் ஊட்டினேன். அஸ்ஸாமில் மழை விடட்டும், ஒருநாள் நம் வீட்டு மாடிக்கு மேலே வருவான் என்று. அவள் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்ப்பாள். விமானம் என்ற ஒன்றை அவள் தலைக்குள் ஏற்றிவிட்டது நான்தானோ என்று இப்போது அடிக்கடி தோன்றுகிறது.

கதவோரத்து அம்மாவின் மகன் நல்லபடியாகத் திரும்பி வந்தான். போன வருடம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பேரப் பிள்ளைக்கு பிஸ்கட் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழைய டிவிப் பேச்சு வந்தது. அந்த அஸ்ஸாம் கதையைச் சொல்லி நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். “பொட்டியப் பாத்தாத் தெரியாதாக்கும் தாயி? அவ அம்புட்டுச் செரமப்பட்டுச் சொல்லுதா. சரின்னு கேட்டுக்கிட்டேன்” என்றாள். வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அவள் சொன்னது முழுசாகப் புரிந்தது, மகள் படத்தை நிறுத்திய அன்றைக்குத்தான்.

எல்லோரும் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை.

தெருவில் முதல் போனும் மதினி வீட்டுக்குத்தான் வந்தது. எங்கள் எதிர்வீட்டு அக்காவின் புருஷன் லாரி ஓட்டுபவர். பந்தல்குடி தாண்டி ஒரு காலை நேரத்தில் பஞ்சு லோடோடு வண்டி கவிழ்ந்துவிட்டது. தகவல் மதினிக்கு வந்தது. மதினி போனை வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். கால்ல அடி, மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காக என்று சொன்னார். சோற்றைப் போட்டு, அந்த அக்கா வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். தலையைச் சீவிவிட்டார். மாற்றுச் சேலை எடுத்து ஒரு பையில் வைத்தார். பிறகு பஸ்ஸில் கூடவே கூட்டிக்கொண்டு போனார்.

ஆள் காலையிலேயே போய்விட்டிருந்தார். அக்காவுக்கு அது ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் அந்த அக்கா தெருவில் நின்று மதினியைக் கேட்டாள். நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தேன். “பஸ்ஸுல போற வழி பூரா, காலு போனா என்ன, ரோட்டோரத்துல இட்லிக் கடை போட்டு அவர ஒக்கார வச்சுக் காப்பாத்திப்புடுவேன்னு நெனச்சுக்கிட்டே வந்தேனே. எந்த எடத்துல கடை போடுறதுன்னுகூட பாத்துக்கிட்டு வந்தேனே மதினி. ஏன் என்னய அப்படி நெனைக்க விட்டீக?”

மதினி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: “அதுக்கப்புறம் நீ ஒரு வாரம் சோத்தையே தொடலையே தாயி. அன்னைக்கு ஒரு வாயாவது தின்னுட்டுப் போனேல்ல.”

அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் அவள் டிவி பார்க்க வந்ததேயில்லை. அக்கா கேட்டதும் நியாயமாகப் பட்டது. மதினியையும் வெறுக்க முடியவில்லை. அம்மா அன்றைக்கு எங்களிடம் சொன்னாள்: “அவுக நல்லவுகதான். ஆனா அவுக சொல்லுறத வச்சு ஒரு நல்லது கெட்டது தெரிஞ்சுக்க முடியாதுப்பா. அது என்ன பொழப்பு.”

நான் பத்தாவது படிக்கும்போது மதினியின் வீட்டுக்காரர் மில் கேட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். மில்லில் இருந்து வந்த ஆளுக்கு மதினியிடம் நேரே போகப் பயம். தெரு முனையில் என் அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மதினி கூடத்தில் தனியாக உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மதிய நேரம். டிவி பூட்டியிருந்தது. அம்மாவுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டாள்.

“சாப்டீகளா மதினி?”

மதினியின் கை நின்றது. அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தார். கையில் ஒட்டியிருந்த புளியை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“எங்க வச்சிருக்காக?” என்றார்.

அதன்பின் அவர் அந்த ஊரில் ரொம்ப நாள் இருக்கவில்லை. மகளோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். இருக்கிறாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து ஒரு பதில் வந்துவிட்டால் என்ன செய்வது. அவரும் அஸ்ஸாமிலேயே இருக்கட்டும்.

இந்த நாட்களில் தொடரைவிட நான் அதிகம் பார்ப்பது மகளைத்தான். விமானம் மேலே ஏறும்போது அவள் கேலி செய்கிறாள். “ஏறும்போது ஒரு பிளேன், இறங்கும்போது வேற பிளேன். எங்கேயோ கிடைச்சதையெல்லாம் ஒட்டி வச்சிருக்காங்க பாரும்மா.” இறங்கும் காட்சி வந்தால் கேலி நின்றுவிடுகிறது. போர்வைக்குள் அவள் கால்கள் எதையோ மிதிப்பது போல விறைக்கின்றன. சக்கரம் தரையைத் தொடும்வரை மூச்சு விடுவதில்லை. மாடிப்படியில் விழுந்தவள் மாடிப்படிக்குத்தானே பயப்பட வேண்டும்.

அங்கே பயிற்சியில் இருக்கும்போது தினமும் சாயங்காலம் போனில் பேசுவாள். “சாப்ட்டேன்மா. கிளாஸ் நல்லாப் போச்சு. தூக்கம் வருது.” வார்த்தை மாறாது. அதைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சு வரும். போன் வரும்வரை பாத்திரத்தைத் தேய்த்த பாத்திரமாகவே தேய்த்துக்கொண்டிருப்பேன். அவள் அப்பா, “போன் வந்துரும், நீ சும்மா இரு” என்பார். அவருக்கு ரத்த அழுத்தம். அவரும் சும்மா இருப்பதில்லை. வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பார்.

நேற்று மத்தியானம் அந்தப் பெட்டிக் காட்சி வருகிற பாகத்தை அவள் மறுபடி போட்டாள். தெருவின் எதிர்ப்பக்கம் நெசவுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முன்னறையில் அவள் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரையில் ஆபீசர் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஏதோ சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் இந்த முறை மதினியின் குரல் இல்லாமலே அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

முன்னறையில் இருந்து குரல் வந்தது. “என்ன பாப்பா சொல்றாரு அந்த மீசைக்காரரு? இவ்ளோ நேரமாப் பேசுறாரு?”

மகள் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “எல்லாருக்கும் லீவு குடுக்குறாராம்ப்பா” என்றாள்.

“நல்ல மனுசன்” என்றார் அவர். பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. வழக்கமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். தினமும் சாயங்காலம் போனில் வரும் அதே குரல்.

நான் எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன். கட்டிலோரம் வந்து நின்றேன். கதவு நிலையில் சாய்ந்திருந்த அந்த அம்மாவைப் போல நம்பினாற்போல் இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் பார்த்தேன். எனக்கு அது முடியவில்லை.

“பாப்பா, எனக்கு மட்டும் உள்ளதைச் சொல்லு. மாடிப்படி இல்லைல்ல?”

அவள் படத்தை நிறுத்தினாள். தொப்பி அந்த அம்மாவின் மடியில் அப்படியே நின்றது.

“இல்ல” என்றாள்.

“பிளேனா?”

அவள் கையை நீட்டி என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் பஸ்ஸில் போகும்போது அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“சாப்டியாம்மா?”

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“இல்ல. இன்னும் சாப்பிடல.”

“போய் சாப்பிட்டுட்டு வா. சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். திரும்ப எப்பப் போகணும்கிறதையும் சேத்து.”

அடுப்படிக்குப் போனேன். தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றிக்கொண்டேன். நின்றுகொண்டே பிசைந்தேன். முதல் வாயை எடுத்தேன். தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினேன். மதினி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எதிர்வீட்டு அக்காவும் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். முன்னறையைக் கடக்கும்போது அவர் நிமிர்ந்து பார்த்து, “என்ன, இப்பத்தான் சாப்பிட்டியா?” என்றார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மகள் லேப்டாப்பை மூடி வைத்திருந்தாள். நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

“சாப்ட்டேன்” என்றேன்.